குழாய் ஸ்பீக்கரும் பேஸ் கிட்டாரும்: பண்ணைப்புரத்து பேண்டு பற்றிச் சில குறிப்புகள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப பெரியப்பாவைக் கூட்டிக்கிட்டு போடிமெட்டு வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்தேன். அவருக்கு எண்பதை நெருங்குது. சின்ன வயசுல அவங்க அப்பா மேல ஏலத்தோட்டத்துல இருந்ததால, மலை அவருக்குப் பழகின இடம். கார்ல நான் எப்பவும் கேக்கிற ஹார்ட்கோர் பங்க் லிஸ்ட் ஓடிக்கிட்டிருந்தது. முந்தல் தாண்டி மூணாவது வளைவுக்குள்ள நாலு பாட்டு முடிஞ்சிருச்சு. பெரியப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டுக் கேட்டார்:

"என்னப்பா இது, ஆரம்பிச்ச உடனே முடிச்சுப்புடுறாய்ங்க?"

"அவங்க பாட்டெல்லாம் ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம்தான் பெரியப்பா."

"அட, கட்சிக் கூட்டத்துல பாடுற மாதிரியில்ல இருக்கு. எங்க காலத்துல அப்பிடித்தான். பாட்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதுக்குள்ள பேச்சாளர் மைக்கப் புடிச்சிருவாரு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்தது. கார்ல ஓடினது மினிட்மென் என்ற பேண்டு. கலிபோர்னியாவில் சான் பெட்ரோ என்ற துறைமுக ஊர்க்காரர்கள். பெரியப்பா சொன்ன கட்சிப் பாட்டுக்காரர்கள் போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் தாண்டினால் வருகிற பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள். பாவலர் வரதராஜன், அவர் தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். ஊரெல்லாம் சொன்ன பேர் பாவலர் பிரதர்ஸ். ராசய்யாதான் பின்னாடி இளையராஜா, அமர்சிங் கங்கை அமரன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவங்களை "தமிழ்நாட்டின் முதல் பங்க் பேண்டு" என்று சொல்லப்போறேன்னு பயப்பட வேண்டாம். அந்த மாதிரி பட்டம் கட்டுவது எனக்குப் பிடிக்காது. ஹார்ட்கோர் பங்க் என்பது 1980-ஐ ஒட்டி அமெரிக்க நகரங்களில், சின்னப் பையன்கள் பெரிய கம்பெனிகளை நம்பாமல் தாங்களே ரெக்கார்டு போட்டு, தாங்களே வேன் ஓட்டி, வேகமாகவும் சத்தமாகவும் வாசித்த இசை. அதற்கும் 1958-ல் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு மலை ஏறினவர்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஹார்ட்கோரைக் கேட்டுப் பழகின காதுக்கு ஒரு கேள்வி கேட்க வரும்: இந்த பேண்டுக்கு இந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்தது? ரசனையிலிருந்தா, அல்லது கையில் இருந்த காசு, கிடைத்த வண்டி, பகலில் பார்த்த வேலை, இதிலிருந்தெல்லாமா? பாவலர் பிரதர்ஸைப் பற்றி இந்தக் கேள்வியை நாம் சரியாகக் கேட்டதில்லை என்பது என் எண்ணம். "கிராமத்து மண்வாசனை" என்ற ஒரே டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டோம்.

முதலில் 1958. அந்த வருஷம் மே மாதம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். பின்னணி கொஞ்சம் சொல்லணும். 1957-ல் இ.எம்.எஸ். தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. ஒவ்வொரு இடமும் உயிர் மாதிரி. தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, மறுபடி தேர்தல் வந்தது. எதிரே காங்கிரஸின் பி.கே. நாயர். ஓட்டுப் போட வேண்டியவர்களில் பெரும் பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டுக்கு வரணும் என்று போராடித் தோற்றிருந்தோம். அந்தக் காயம் ஆறாத இடத்தில் ஒரு மலையாளக் கட்சி வேட்பாளருக்குத் தமிழில் ஓட்டுக் கேட்கணும். பேச்சால் இது நடக்கிற காரியமா? பாவலர் வரதராஜனை மலையேற்றினார்கள்.

ரோசம்மா புன்னூஸ் மறுபடி ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இ.எம்.எஸ்ஸே மேடையில் பாராட்டினதாக இன்றும் சொல்வார்கள். அந்தப் பயணத்தில் கூடப் போன தம்பி ராசய்யாவுக்கு அப்போது வயசு 15-க்குப் பக்கம். பெண் குரல் பாட்டுகளைப் பாடுவது அவர் வேலை.

இந்தப் பெண் குரல் விஷயத்தை எல்லோரும் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்து போவார்கள். எனக்கு அங்கேதான் நின்று யோசிக்கத் தோணுது. நான் படிச்சது பி.இ., அதுவும் இசைக்குச் சம்பந்தமில்லாத துறை. ஆனாலும் காலேஜில் சிக்னல்ஸ் பேப்பர் ஒன்றைத் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியிருக்கேன். அந்தக் காலத்து மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கரை எடுத்துக்குங்க. நம்ம ஊர்க் கோயில் கொடையில் மரத்தில் கட்டியிருப்பாங்களே, அதுதான். அதில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் உருப்படியாக வராது. தபேலாவின் டக்காவில் 'கும்' என்று வருவது மேடையில் இருப்பவனுக்கு மட்டும் கேக்கும். கட்டை ஆண் குரலின் அடி நாதம் போய், மேல் சுரங்கள் மட்டும் கீச்சென்று வரும். மிஞ்சுவது என்ன? ஆர்மோனியத்தின் நடுப்பகுதி, தோல் கருவியின் 'டக்' என்ற ஓசை, அப்புறம் உச்சஸ்தாயியில் பாடுகிற குரல். குரல் உடையாத ஒரு பையன் பெண் குரலில் பாடினால், அந்தக் குரல் கிட்டத்தட்ட முழுசாக அந்தக் குழாய் வழியே வெளியே வரும். மலைச்சரிவில் மேல் லயத்தில் ஒருத்தர், கீழ் லயத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கேட்டால் இரண்டு பேருக்கும் வார்த்தை புரியும்.

அண்ணன் இதைக் கணக்குப் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லலை. பாடிப் பார்த்து, எது எடுபடுது என்று பார்த்துப் பார்த்து வந்த முடிவாக இருக்கும். சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், கையில் இருக்கிற மெஷினில் ஓடினால்தான் அது புரோகிராம்.

இந்த இடத்தில் சான் பெட்ரோவுக்கு ஒரு நடை போய்ட்டு வந்திரலாம். மினிட்மென்னில் மூணு பேர். கிட்டாரும் பாட்டும் டி. பூன், பேஸ் மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி. பூனும் வாட்டும் சின்ன வயசுச் சிநேகிதர்கள், உழைப்பாளி வர்க்க வீட்டுப் பிள்ளைகள். 1980-ல் வந்த அவர்களின் முதல் ரெக்கார்டு 'பாரனாய்டு டைம்'. ஏழு பாட்டு, மொத்தம் ஏழு நிமிஷம்கூட இல்லை. டி. பூன் தன் கிட்டாரில் அடிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மேல் சத்தத்தை மட்டும் கீச்சென்று வைப்பார். காரணம் கேட்டால் அரசியல். ராக் இசையில் கிட்டார்க்காரன் முதலாளி, பேஸும் டிரம்ஸும் கூலி. கிட்டார் தன் இடத்தைச் சுருக்கிக்கிட்டால் மற்ற இரண்டுக்கும் சம இடம் கிடைக்கும். அவர்கள் பாட்டைக் கேட்டால் பேஸ் பின்னால் நிற்காது, கிட்டாரோடு வாக்குவாதம் பண்ணும். ஒரு கொள்கை நேராகச் சத்தமாக மாறின இடத்தை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

காசு விஷயமும் அப்படித்தான். ஸ்டுடியோ வாடகை குறைவான ராத்திரி நேரத்தில் ஒலிப்பதிவு செய்வார்கள். சாமானைத் தாங்களே வேனில் ஏற்றி இறக்குவார்கள். சிக்கனமாக வாசிப்பதற்கென்றே அவர்களுக்கு ஒரு சொந்தச் சொல் இருந்தது, 'எகோனோ'. வேன் பேரில் வந்த ஒரு சொல்தான். பாட்டு சின்னதாக இருந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சொல்ல வந்ததைச் சொன்னதும் நிறுத்து, இரண்டாம் தடவை பல்லவிக்குக் காசு இல்லை.

பண்ணைப்புரத்தார் கதையில் இதே சிக்கனத்தின் நம்ம ஊர் வடிவம் இருக்கு. அப்பா ராமசாமி மேல எஸ்டேட்டில் கங்காணி. அவர் போனபிறகு வீடு அம்மா சின்னத்தாயின் தலையில். பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட ராசய்யா வைகை அணை வேலைக்குக் கூலியாகப் போனதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கார். அணை திறந்தது 1959-ல். தேவிகுளத்தில் பாடின பையனும், அணைக்கட்டில் தண்ணி ஊற்றின பையனும் ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே காலம். இசைக்கு வெளியே இருந்த வாழ்க்கை என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. பாட்டுக் கேட்க வந்தவர்களும் கூலி, பாடினவனும் கூலி. லயத்து முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எவ்வளவு அலுத்திருப்பார்கள், எந்த வார்த்தைக்குச் சிரிப்பார்கள் என்பது பாடுகிறவனுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயமில்லை.

மெட்டும் புதுசாகப் போட நேரமில்லை. ஓடுகிற சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்து, அதில் அரசியல் வார்த்தையை வைப்பார் பாவலர். காங்கிரஸின் சின்னம் அப்போது ரெட்டைக் காளை. அந்தக் காளைகளை வைத்து அவர் பண்ணின கிண்டல் தேவிகுளத்தில் பெரிசாக எடுபட்டது. தெரிந்த மெட்டு என்பதால் கேக்கிறவன் இரண்டாவது அடியிலேயே கூடப் பாடிவிடுவான். எதிர்க்கட்சிக்காரன்கூடத் தன்னை அறியாமல் முணுமுணுப்பான், அதுதான் ஆபத்து. மினிட்மென்னும் ரேடியோவில் கேட்டு வளர்ந்த பாட்டுகளை எடுத்துத் தங்கள் பாணியில் சுருக்கி வாசித்தவர்கள்தான். 1984-ல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' ஆல்பத்தில் கிரீடன்ஸ், வான் ஹேலன், ஸ்டீலி டான் பாட்டுகள் உண்டு. ஆனால் நோக்கம் வேறு. அவர்கள் தாங்கள் நேசித்த பாட்டுக்கு மரியாதை செய்தார்கள், கூடவே லேசாகக் காலையும் வாரினார்கள். பாவலருக்கு அந்த மெட்டு ஒரு வண்டி. சரக்கை ஏற்றி மலைமேல் இறக்கணும், அவ்வளவுதான்.

வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும். மினிட்மென்னுக்குக் கட்சி கிடையாது. மூணு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுக்கிட்டே பாடலாம். பாவலர் பாடினது கட்சி மேடையில். வேட்பாளர் யார், எதிரி யார் என்பதை மேடை முடிவு செய்யும். பாட்டுக்காரன் பேச்சாளருக்கு முன்னால் கூட்டம் சேர்க்கிற ஆள். கூட்டம் சேர்ந்ததும் உட்கார வேண்டியதுதான். கட்சி மேடையில் பாடி அந்த வீட்டில் பானை நிறையவில்லை என்பதும் உண்மை. தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினது இலக்கிய வேட்கையால் மட்டும் இல்லை. அம்மா வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்து அனுப்பினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பாட்டுக் கேக்கிற பெட்டியை விற்றுத்தான் பாட்டுப் போடப் போக முடிந்தது. இதை நெகிழ்ச்சியாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எனக்கு இது ஒரு பேண்டின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரியாகத்தான் தெரியுது.

1960-களின் கடைசியில் சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, கிளாசிக்கல் கிட்டாருக்கு டிரினிட்டி காலேஜ் தேர்வு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. எழுதத் தெரியாமல் வாசித்த பேண்டு, ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதுகிற இடத்துக்கு வந்தது. 1973-ல் பாவலர் வரதராஜன் இறந்துபோனார். 1976-ல் பஞ்சு அருணாசலம் தயாரிப்பில் 'அன்னக்கிளி'. மூணு வருஷ இடைவெளி. பேண்டின் தலைப்பாட்டுக்காரன் ரெக்கார்டைக் கேட்கவே இல்லை.

'அன்னக்கிளி' பற்றி எழுதினவர்கள் எல்லாம் நாட்டுப்புறம் சினிமாவுக்குள் வந்தது என்றே எழுதுகிறார்கள். நான் அதை இப்போது வேறு மாதிரி கேக்கிறேன். ஜானகியும் கோரஸும் பாடுகிற அந்த நெல் குத்துகிற பாட்டைப் போட்டுப் பாருங்க. வயக்காட்டில் யாரும் அப்படிப் பாடுவதில்லை. குலவையும் நடவுப் பாட்டும் கேட்டு வளர்ந்தவன் நான், அது இழுத்து இழுத்து, வேலையின் வேகத்துக்குத் தக்கபடி போகும், முடிவு என்று ஒன்று இருக்காது. இந்தப் பாட்டு அப்படி இல்லை. முதல் அடியிலேயே பிடிக்கணும், இரண்டாவது தடவை வரும்போது கூட்டம் சேர்ந்து பாடணும் என்று கட்டின பாட்டு. ஒருத்தி சொல்ல, கும்பல் திருப்பிச் சொல்ல. இது மேடைக்காரன் வேலை. நாட்டுப்புறத்துக்கும் சினிமாவுக்கும் நடுவில் பத்து வருஷம் கட்சி மேடை இருக்கு. அதைத் தாண்டிக் குதிச்சிட்டுத்தான் நாம் 'மண்வாசனை' என்கிறோம். அப்படிக் குதிக்கும்போது கீழே விழுந்து காணாமல் போனது தேவிகுளம், லயம், கூலி, ரெட்டைக் காளைக் கிண்டல் எல்லாம்.

அடுத்து, என் பெரிய ஊகம். ஊகம் என்றே வைத்துக்குங்க. இளையராஜாவின் 1980-கள் பாட்டுகளை ஹெட்போனில் கேக்கிறவர்கள் முதலில் பேசுவது பேஸ் கிட்டாரைப் பற்றித்தான். அது வெறுமனே தாளத்துக்குத் துணை போகாது. தனியாக ஒரு மெட்டு பாடிக்கிட்டே போகும், குரல் மேலே ஏறினால் அது கீழே இறங்கும். பாக் கற்றுக்கொடுத்தது என்பார்கள். சரிதான், 1986-ல் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தவர் அவர். ஆனால் நான் இப்படி யோசிக்கிறேன். பத்து வருஷமாகக் குழாய் ஸ்பீக்கர் வழியாக, அடிச் சத்தமே இல்லாமல், மேல் பாதி மட்டும் வாசித்துக்கிட்டிருந்த ஒருத்தன் கையில் திடீரென்று ஸ்டுடியோவின் கீழ்ப் பாதியைக் கொடுத்தால் என்ன செய்வான்? அங்கே குடியேறிடுவான். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். போடிமெட்டில் கட்டின எந்தக் குழாயிலும் அது வந்திருக்காது.

டி. பூன் அடிச் சத்தத்தைத் தானே விட்டுக்கொடுத்து சமத்துவத்தைச் சத்தத்தில் கொண்டுவந்தார். இங்கே அடிச் சத்தம் வறுமையால் இல்லாமல் இருந்தது, பிறகு வந்தது. இரண்டு பேர் பாட்டிலும் பேஸுக்குச் சம உரிமை. வந்த பாதை எதிரெதிர்.

மினிட்மென்னின் சத்தமும் அப்படியே நிற்கவில்லை. ஒரு நிமிஷப் பாட்டில் ஆரம்பித்தவர்கள், 'டபுள் நிக்கல்ஸ்' இரட்டை ஆல்பத்தில் ஃபங்க், ஜாஸ், நாட்டுப்புறம் எல்லாவற்றையும் 40-க்கு மேற்பட்ட பாட்டுகளில் இறைத்தார்கள். (அந்தத் தலைப்பு மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாட்டைப் பற்றிய கிண்டல். போடிமெட்டு வளைவில் 20-ல் போய்க்கிட்டு இதைக் கேட்டால் இன்னும் சிரிப்பு வரும்.) 1985-ல் 'புராஜெக்ட்: மெர்ஷ்' என்று வியாபாரப் பாட்டுப் போடுகிற பாவனையில், நீளமான பாட்டுகளும் டிரம்பெட்டுமாக ஒன்று போட்டார்கள். பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். என் கருத்தில் அது அவர்களின் பலவீனமான ரெக்கார்டுதான், கிண்டல் எது, ஆசை எது என்று அவர்களுக்கே தெளிவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 22, அரிசோனாவில் வேன் கவிழ்ந்து டி. பூன் இறந்தார். வயசு 27. வாட் கொஞ்ச காலம் வாசிப்பதையே விட்டார். பிறகு வேறு பேண்டு, வேறு ரெக்கார்டுகள். அவற்றை டி. பூனுக்கே சமர்ப்பித்துக்கொண்டு வருகிறார்.

இங்கே தம்பிகள் தங்கள் படக் கம்பெனிக்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பேர் வைத்தார்கள். 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', அடுத்த வருஷம் கங்கை அமரன் இயக்கின 'கோழி கூவுது'. தேனி அல்லிநகரத்து பாரதிராஜா அவர்கள் கூட ஊரிலேயே நாடகம் போட்ட சிநேகிதர். யோசித்தால் ஒரு பேண்டு முழுசாகக் கலையவில்லை, உருவம் மாறிப் பத்து வருஷம் ஓடியிருக்கு. '16 வயதினிலே'யில் ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டுக்கு வரி எழுதினது கடைசித் தம்பி, இசை அண்ணன். ஆனால் நாம் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் பேசுவோம். 'ராஜா' என்ற பேர் வந்ததும் 'பிரதர்ஸ்' போயிருச்சு. பாஸ்கரைப் பற்றி நாலு பக்கம் உருப்படியாக யாராவது எழுதியிருந்தால் நான் வாசிக்கத் தயார்.

உரிமை விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. 2017-ல் தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. நண்பர்கள் வட்டத்தில் அன்று பெரிய சண்டை. "ஊரான் மெட்டில் பாடி வளர்ந்த குடும்பம், இப்ப தன் மெட்டை யாரும் தொடக்கூடாதுன்னா எப்பிடி?" என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் அன்று அவர் பக்கம்தான் நின்றேன்.

இப்போது அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை. ஹார்ட்கோர் உலகத்தில் உரிமை என்பது கெட்ட வார்த்தை இல்லை. வாஷிங்டனில் இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் 1980-ல் டிஸ்கார்ட் என்ற கம்பெனியை ஆரம்பித்ததே, தங்கள் ரெக்கார்டு தங்கள் கையில் இருக்கணும் என்றுதான். டிக்கெட்டு விலையை 5 டாலரில் கட்டுப்படுத்தின ஃபுகாசி போன்ற பேண்டும் தன் பாட்டின் உரிமையை யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. மலையில் பத்து வருஷம் இலவசமாகப் பாடி, கூட்டம் சேர்த்துக் கொடுத்து, வெறும் கையோடு வீடு திரும்பின ஒரு குடும்பத்தில், ஊரின் ஒதுக்கப்பட்ட பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், ஒருத்தர் "என் உழைப்புக்கு நான்தான் சொந்தக்காரன்" என்றால், அதில் கூலி கேக்கிற குரலும் இருக்கு. அதைப் பேராசை என்று மட்டும் கேட்டால் நம்ம காதில் கோளாறு. அதே சமயம், கல்யாண வீட்டில் பாடுகிற ஆர்கெஸ்ட்ராக்காரனும் கூலிதான் என்பது என் மனசை விட்டுப் போகவில்லை. டிஸ்கார்ட் தன் உரிமையை வைத்துக்கொண்டு விலையைக் குறைத்தது. இங்கே அந்த இரண்டாவது பாதி நடக்கவில்லை. என் மனக்குறை அதுதான், நோட்டீஸ் இல்லை.

மினிட்மென்னைப் பற்றி 2005-ல் ஒரு முழு டாக்குமெண்டரி வந்தது. பேண்டு இருந்தது ஆறு வருஷத்துக்கும் குறைவு, ஆனாலும் ஒவ்வொரு ரெக்கார்டும் இன்றைக்கும் கேக்கக் கிடைக்கும். தேவிகுளத்தில் பாடின அந்தக் குரல்களின் ஒலிப்பதிவு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. கட்சிக்கு அது பிரச்சாரம், தேர்தல் முடிந்ததும் முடிந்தது. சினிமாவுக்கு அது முன்கதை, இரண்டு வரியில் முடிந்தது. 2025 மார்ச்சில் லண்டனில் தம்பியின் சிம்பொனி அரங்கேறியபோது பண்ணைப்புரம் பேர் எல்லாச் சேனலிலும் வந்தது. ஒரு சேனலும் 1958 என்று சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளிகள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து போனஸ் கேட்டார்களே, அதை டிவியில் பார்த்தபோது அவர்கள் கோஷத்தின் மெட்டைத்தான் நான் கவனித்துக்கிட்டிருந்தேன். ஒருத்தி சொல்ல, கும்பல் திருப்பிச் சொல்ல. அவர்களின் பாட்டிமார் யாராவது அந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது மெட்டில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். சாயங்காலம், தோட்ட ஜீப்புகள் ஆட்களை ஏத்திக்கிட்டுக் கீழே இறங்குகிற நேரம். பெரியப்பாகிட்ட, "அந்தக் கட்சிப் பாட்டுல ஏதாச்சும் ஞாபகம் இருக்கா, பாடுங்க பெரியப்பா"ன்னு கேட்டேன்.

"வார்த்தையெல்லாம் போச்சுப்பா. மாட்டப் பத்தி ஏதோ வரும், எல்லாரும் சிரிப்பாய்ங்க."

"மெட்டு?"

கொஞ்ச நேரம் டம்ளரைப் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் முணுமுணுத்தார். பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் மெட்டு மாதிரிதான் இருந்தது, ஆனால் வேகம் இரண்டு மடங்கு. போனில் பதிவு பண்ணினேன். 40 செகண்டு. நடுவில் ஒரு ஜீப் ஹாரன் அடித்துவிட்டது.